முயலகனும் நாடியும்

முயலகன் என்றதும் கூத்தபிரானின் திருவடிக்குக் கீழே கிடப்பவன்தான் நினைவுக்கு வருவான். வலிப்பு நோய்க்கும் அதுவே பழம்பெயர். கொல்லி மழவனின் மகளுக்கு வந்த அந்நோயைத் திருப்பாச்சிலாச்சிராமத்தில் சம்பந்தர் பதிகம் பாடித் தீர்த்தார் என்கிறது பெரியபுராணம். தமிழ் கற்பிக்கும் நாங்கள் இருவரும் அந்தத் தந்தையைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை, எங்கள் மகளுக்கு நான்கு வயதில் வலிப்பு வரும்வரை.

கார்பமஸிபைன் சிரப் கொடுத்தோம். வலிப்பு நின்றது. மூன்றாம் மாதம் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தவள் வெளுத்துச் சரிந்தாள். கைகால் வெட்டவில்லை, நுரை தள்ளவில்லை. அரை நிமிடத்தில் விழித்து, "அம்மா" என்றாள். வலிப்புதான் திரும்பியது என்று கருதி மருந்தின் அளவைக் கூட்டச் சொன்னார்கள். எங்கள் கையாலேயே கூட்டிக் கொடுத்தோம். அந்த வாரத்திலேயே மேலும் இருமுறை விழுந்தாள்.

வேறொரு மருத்துவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். நூறையொட்டித் துடிக்க வேண்டிய நாடி 52. இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்லும் மின்தூண்டல் தடைபடுவதை ஈ.சி.ஜி. காட்டியது.

மூளை நரம்பிலும் இதயத்திலும் சோடியம் நுழையும் நுண்வாயில்கள் உண்டு. மூளையின் கொந்தளிப்பை அடக்க அவ்வாயில்களை மூடும் மருந்து, சிலருக்கு இதயத்தின் மின்னோட்டத்தையும் மந்தமாக்கிவிடுகிறது. 1938இல் வலிப்புக்குப் பயன்படுமெனக் காட்டப்பட்ட ஃபெனிடாயின், பின்னர் இதயத்துடிப்பைச் சீராக்கவும் பயன்பட்டது. அதையே ஊசிவழி விரைந்து செலுத்தினால் துடிப்பு குலையும். இதயநோய் உள்ளவர்களுக்கு லாமோட்ரிஜின் துடிப்பைப் பாதிக்கலாம் என்று 2021இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது.

மருத்துவமனையில் வைத்து, வேறு மருந்தின் துணையோடு, பழையதை நிறுத்தினார்கள். சில நாட்களில் நாடி மீண்டது.

இத்தகைய பாதிப்பு அரிது. பெரும்பாலான குழந்தைகளுக்கு இம்மருந்துகள் நன்மையே செய்கின்றன. இதைப் படித்துவிட்டு எவரும் மருந்தைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். திடீரென நிறுத்தினால் வலிப்பு கடுமையாகத் திரும்பக்கூடும். ஆனால் குழந்தை வெட்டிழுப்பின்றி வெளுத்து விழுந்தால், ஒரு ஈ.சி.ஜி. எடுக்கலாமா என்று தயங்காமல் கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை. கூட்டிக் கொடுத்த அந்த அரைக் கரண்டி இன்னும் உறுத்துகிறது.

இப்போது அவளுக்கு ஏழு வயது. உறங்கும்போது எங்களில் ஒருவர் மணிக்கட்டைத் தொட்டு எண்ணுகிறோம். நேற்றிரவு 78.