வயதுக் கணக்கும் ஆட்டக் கணக்கும்

இளையவர்களுக்கு வழிவிட வேண்டும் என்பது எந்த மேடையில் சொன்னாலும் கைதட்டல் பெறும் வாக்கியம். அரசியலிலும் இலக்கியத்திலும் அதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். கிரிக்கெட்டில் அது வாக்கியமாக மட்டும் நின்றுவிடுவதில்லை. அணித்தேர்வாகி, முப்பதைக் கடந்த ஒருவரின் பிழைப்பில் வந்து முடிகிறது. செய்யூர்ப் பக்கத்திலிருந்து இந்த ஆட்டத்தைப் பார்த்துவரும் எங்களால் அவ்வாக்கியத்தை அப்படியே ஏற்க முடிவதில்லை.

இவ்விவாதம் ஓயாமல் நடக்கும் இடம் இங்கிலாந்தின் கவுண்டி கிரிக்கெட். அங்குள்ள 18 முதல்தரக் கவுண்டிகள் ஒவ்வொன்றும் இரு பக்கமும் பதில் சொல்லவேண்டியிருக்கிறது. உறுப்பினர்கள் இந்த ஆண்டின் கோப்பையைக் கேட்கிறார்கள். வாரியமோ நாளைய தேசிய அணிக்கு இளைஞர்களைக் கேட்கிறது. கென்ட் அணியின் டேரன் ஸ்டீவன்ஸ் 2019 இல், 43 வயதில், ஏறக்குறைய விடைபெறும் நிலையிலிருந்தார். அப்போது யார்க்‌ஷயருக்கு எதிராக 237 ஓட்டங்கள் எடுத்தார், ஒப்பந்தம் நீண்டது. 2021 இல், 45 வயதில், கிளமார்கனுக்கு எதிராக 190. அந்த ஆட்டத்தில் ஒன்பதாம் விக்கெட்டுக்கு 166 ஓட்டங்கள் சேர்ந்தபோது மறுமுனையில் நின்ற மிகேல் கம்மின்ஸின் பங்கு 1. ஸ்டீவன்ஸ் அத்தனை ஆண்டுகள் யாரோ ஓர் இளைஞனின் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தார் என்று வாதிடலாம். அந்த வாதத்தை அலட்சியமாக ஒதுக்கிவிடவும் முடியாது. அணியில் இடங்கள் எண்ணப்பட்டவை. ஒருவர் தங்கினால் இன்னொருவர் காத்திருக்கத்தான் வேண்டும்.

நம் வீட்டுக் கதைக்கு வருவோம். 1954-55 க்குப் பின் தமிழகம் ரஞ்சிக் கோப்பையை வென்றது ஒரே ஒருமுறை, 1987-88 இல். அந்த அணியின் தலைவர் சுழற்பந்து வீச்சாளர் எஸ். வாசுதேவன், முப்பதைக் கடந்தவர். தொடக்க மட்டையாளர் வி. சிவராமகிருஷ்ணனுக்கு 35 வயது. அடுத்த பருவத்தில் 1018 ஓட்டங்கள் குவிக்கவிருந்த டபிள்யூ.வி. ராமனுக்கு 22, சுழற்பந்து வீச்சாளர் எம். வெங்கடரமணாவுக்கு 21. யாரும் யாருக்கும் வழிவிடவில்லை. ஒரே பந்தலின் கீழ் இருந்தார்கள். சேப்பாக்கம் இறுதி ஆட்டத்தில் ரயில்வே அணி ஓர் இன்னிங்ஸ் வித்தியாசத்தில் தோற்றது.

அதன்பின் 1991-92 முதல் 2014-15 வரை ஆறு இறுதி ஆட்டங்கள், ஆறிலும் தோல்வி. 2014-15 இறுதியில் நம்மை 328 ஓட்டங்களால் நசுக்கியவர் கர்நாடகத்தின் கருண் நாயர். அதே பருவத்தில் நம் எஸ். பத்ரிநாத் 34 வயதில் விதர்பாவுக்கு ஆடப் போனார். அடுத்த ஆண்டு மும்பையின் வாசிம் ஜாஃபரும் அங்கே சென்றார். பெரிய பெயர் ஏதுமில்லாத அந்த அணி வெளியிலிருந்து அனுபவத்தை அழைத்துவந்து உள்ளூர் இளைஞர்களுக்கு அருகில் நிறுத்தியது. 2017-18 இறுதி ஆட்டத்தில் ஹாட்ரிக் எடுத்தவர் 24 வயது ரஜனீஷ் குர்பானி. அடுத்த பருவத்தில் 1037 ஓட்டங்கள் எடுத்தவர் நாற்பதைத் தொட்ட ஜாஃபர். இரு ஆண்டும் கோப்பை விதர்பாவுக்கே. 2025 பிப்ரவரியில் கருண் நாயரும் விதர்பா ஆட்டக்காரராகவே நம் எதிரில் வந்தார். அந்தக் காலிறுதியில் சதமடித்தார். நாம் 198 ஓட்டங்களில் தோற்றோம். அதே பருவத்தில் 30 வயதான பாபா அபராஜித் நம்மிடமிருந்து கேரளத்துக்குப் போயிருந்தார். கேரளம் முதன்முறையாக இறுதி ஆட்டம் வரை சென்றது. இவற்றைத் தற்செயல் என்று சொல்லலாம். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை.

இதில் செய்யூருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். எங்கள் பக்கத்துப் பையன் ஏரி வற்றிய பிறகு அதன் தரையில் டென்னிஸ் பந்தில் ஆடக் கற்கிறான். கெட்டிப் பந்தையும் முறையான ஆடுகளத்தையும் தொடவேண்டுமென்றால் மதுராந்தகம் போய், அங்கிருந்து செங்கல்பட்டுக்கோ சென்னைக்கோ பேருந்து ஏறவேண்டும். நகரத்துப் பையன் பத்து வயதில் தொடங்கும் பாடத்தை இவன் பதினெட்டில் தொடங்குகிறான். பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் தேர்வு இவனைப் பொறுத்தவரை தொடங்குமுன்பே முடிந்துவிடுகிறது. சின்னப்பம்பட்டி நடராஜன் முதல் ரஞ்சி ஆட்டம் ஆடியபோது அவருக்கு 23 வயது. 2016 இல் தொடங்கிய தமிழ்நாடு பிரிமியர் லீக்தான் அவரைப் பலர் கண்ணில் காட்டியது. இந்தியாவுக்காக ஆடியபோது 29. பிறந்த ஆண்டைக் கொண்டு இளமையை அளந்தால் கிராமத்து ஆட்டக்காரன் இளைஞனாக இருந்த காலமே ஏட்டில் இருக்காது.

இன்னொன்றும் உண்டு. பயிற்சியாளர் இல்லாத ஊரில் மூத்த ஆட்டக்காரர்தான் பள்ளிக்கூடம். எங்கள் அணியில் நாற்பதைத் தாண்டிய அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஓட்டம் குறைந்துவிட்டது, பந்தைத் துரத்த முடியாது. மிட்-ஆஃபில் நின்றுகொண்டு, பந்துவீசப் போகும் பையனிடம் ஒவ்வொரு பந்துக்கும் முன் ஏதாவது சொல்வார். பொங்கல் போட்டிகளில் அவர் இடத்தில் கால் வேகமுள்ள ஒருவனைச் சேர்க்கலாம் என்ற பேச்சு ஆண்டுதோறும் எழுகிறது. நியாயமான பேச்சுதான். ஆனால் அவர் இல்லாத நாளில் எங்கள் பையன்களின் வேகம் குறைவதில்லை, நிதானம்தான் குறைகிறது.

மூத்தவர் எல்லோரும் தங்கட்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஓட்டம் வராதவர், கற்றதைப் பகிராதவர் விலகத்தான் வேண்டும். இந்திய வாரியம் 2021 இல் அறிவித்த உள்நாட்டு ஆட்டச் சம்பளத்தில் வயதுக்கு இடமில்லை. 40 ஆட்டங்களுக்கு மேல் ஆடியவருக்கு நாளொன்றுக்கு 60,000 ரூபாய், 21 முதல் 40 வரை ஆடியவருக்கு 50,000, அதற்குக் கீழ் 40,000. ஆடிய ஆட்டங்களே அங்கு கணக்கு. அணியைத் தேர்வு செய்பவர்களும் அந்தக் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். 23 வயதில் இரண்டே ஆட்டம் ஆடியவன் இளைஞன்தான். அவனை முதிர்ந்தவன் என்று திருப்பி அனுப்பக்கூடாது. 34 வயதில் நூறு ஆட்டம் ஆடியவரை அவன் பக்கத்தில் ஒரு பருவமாவது நிறுத்திவைக்க வேண்டும். அந்த ஒரு பருவத்தைக் கூடத் தர மனமில்லாத மாநிலம் அதே மனிதரை எதிரணியின் சட்டையில் சந்திக்க நேரும்.