கையளவு ஜீப்பும் செம்மேட்டுப் பட்டறையும்

காரவள்ளியில் மலையேறத் தொடங்கும் சாலை 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சோளக்காட்டுக்கு வந்து சேர்கிறது. அங்கிருந்து செம்மேடு பக்கம்தான். கொல்லிமலையின் வாழவந்தி நாட்டைச் சேர்ந்த இந்த ஊரில்தான் வல்வில் ஓரியின் சிலை நிற்கிறது. வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டி ஆகாய கங்கை அருவிக்கும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் போய்விடுகிறார்கள். எனக்கு வேலை இருந்தது ஊருக்குள்ளேயே, ஒரு ஜீப் பட்டறையில்.

கல்லூரி நாட்களில் ராணுவ வண்டிகளின் பிளாஸ்டிக் மாடல்களை ஒட்டிக்கொண்டிருந்தவன் நான். வேலை, குடும்பம் என்று ஆனபின் பெட்டிகள் பரணுக்குப் போயின. பல வருடம் கழித்து மறுபடி உட்காரலாம் என்று தோன்றியபோது வில்லிஸ் ஜீப்பை எடுத்தேன். பாகங்கள் குறைவு, விலையும் கட்டுப்படியாகும். அளவு 35-இல் ஒரு பங்கு. இந்த விசித்திரக் கணக்கு ஜப்பானில் பிறந்தது. 1946-இல் ஷிசுவோகாவில் மர வியாபாரமாகத் தொடங்கிய தமியா நிறுவனம், 1960-களின் தொடக்கத்தில் பாந்தர் டாங்கியின் மாடலை வெளியிட்டது. உள்ளே ஒரு மோட்டாரும் இரண்டு பேட்டரியும் அடங்க வேண்டும் என்று பார்த்து வைத்த அளவு அது. பிறகு மற்ற நிறுவனங்களும் அதையே பிடித்துக்கொண்டன. மூன்றேகால் மீட்டருக்குச் சற்று அதிகமான ஜீப், இந்தக் கணக்கில் ஒன்பதரை சென்டிமீட்டர்.

வெட்டுவதும் ஒட்டுவதும் சீக்கிரமே கைக்குத் திரும்பிவிட்டன. வண்ணத்தில்தான் உலகம் மாறியிருந்தது. அப்போது பச்சை அடித்தால் வேலை முடிந்தது. இப்போது துருவுக்கு ஒரு புட்டி, சேற்றுக்கு ஒரு புட்டி, எண்ணெய்க் கறைக்கு ஒரு புட்டி. எதை எங்கே வைப்பது என்று எந்தப் புட்டியும் சொல்வதில்லை. ஜீப் இன்னும் பாரம் சுமக்கிற இடத்தில் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

மலையில் ஓடும் ஜீப்புகளுக்கும் என் கையிலிருந்த மாடலுக்கும் ரத்த சம்பந்தம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் வில்லிஸ், ஃபோர்டு இரண்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. போர் முடிந்த கையோடு, 1947-இல், மஹிந்திரா அந்த வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை இறக்குமதி செய்து மும்பையில் பூட்டத் தொடங்கியது. பிறகு வந்த மாடல்களில் எஞ்சின் மாறியது, நீளம் கூடியது. கீழே சட்டமும் பட்டை ஸ்பிரிங்கும் வெகுகாலம் அப்படியே இருந்தன.

பட்டறை என்றால் தகரக் கூரை, எண்ணெய் ஊறிய மண் தரை, ஜாக்கி மேல் ஒரு ஜீப். மெக்கானிக் ஐம்பதைத் தாண்டியவர். கூட, தகர வேலை பார்க்கும் ஒரு டிங்கர், ஓர் இளம் உதவியாள்.

"எந்த வண்டி சார், கீழ நிக்குதா?" என்றார் மெக்கானிக்.

பையிலிருந்து டப்பாவைத் திறந்து காட்டினேன். சிரித்தார், ஆனால் வாங்கிய உடனே வண்டியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைத்தான் பார்த்தார். "பட்டை செட்டெல்லாம் வச்சிருக்கான். ஆனா நேரா நிக்குதே. லோடே ஏத்தாத வண்டியா இது?"

அவர் அப்போது பார்த்துக்கொண்டிருந்ததும் பட்டை வேலைதான். யூ போல்ட்டைக் கழற்றி, சென்டர் போல்ட்டை உருவினார். அடுக்கு பிரிந்து பட்டைகள் ஒவ்வொன்றாகத் தரைக்கு வந்தன. மெயின் பட்டை, நுனி வளையமான கண்ணுக்குப் பக்கத்தில் விரிசல் விட்டிருந்தது. ஒன்றோடொன்று உரசும் நுனிகள் வெள்ளிபோல மின்ன, மற்ற இடமெல்லாம் பழுப்புத் துரு. மூட்டையும் ஆளும் ஏறி ஏறிப் பின்பக்கம் வளைவு குறைந்துபோன பட்டைகளை உதவியாள் அடைகல்லில் வைத்துச் சம்மட்டியால் தட்டி, பழையபடி வளைவு கொடுத்தார். கிரீஸ் தடவி, நீளவாரியாக அடுக்கி, புஷ் மாற்றி ஏற்றினார்கள்.

துரு எங்கே முதலில் பிடிக்கும் என்று கேட்டேன். டிங்கர் தரையில் கிடந்த ரப்பர் விரிப்பைத் தூக்கிக் காட்டினார். கீழே தகரம் பொத்தலாக இருந்தது. "மழையும் பனியும் இங்க ஓயாதுங்க. பானட்டு மேல விழுற தண்ணி ஓடிரும். விரிப்புக்கு அடியில நிக்கிற தண்ணிதான் தின்னும்." கண்ணாடிச் சட்டத்தின் கீழ்மூலை, தகரம் மடியும் விளிம்பு, போல்ட்டைச் சுற்றிய இடம் என்று விரலை ஓட்டிக்கொண்டே போனார். மாடல்காரர்கள் ஆசையாகத் துரு வைக்கும் பானட்டின் நடுப்பகுதியில் துருவே இல்லை. வெயிலில் சாயம் வெளுத்திருந்தது, அவ்வளவுதான்.

சாயம் உரிவதற்கும் இப்படியே காரணம் உண்டு. ஓட்டுநர் கால் வைத்து ஏறும் விளிம்பு தேய்ந்து பளபளக்கிறது. எதிர்ப்பக்கம் அந்த அளவு இல்லை. பின்கதவின் மேல்விளிம்பில் மிளகு மூட்டையும் பலாவும் இழுபட்டுச் சாயம் போயிருக்கிறது. சக்கர டிரம்மைச் சுற்றி பிரேக் தூள் கறுப்பாகப் படிந்திருக்கிறது. டயர் ஏன் ஓரத்தில் தேய்ந்திருக்கிறது என்று கேட்டதற்கு, மெக்கானிக் மலையிறங்கும் சாலையின் பக்கம் கையைக் காட்டினார்.

டிங்கரின் வேலைமுறை எங்கள் வேலைமுறையேதான். அழுகிய தகரத்தை வெட்டி எடுத்து, புதுத் துண்டைப் பற்றவைத்து, தட்டிச் சமன் செய்து, பட்டி பூசி, உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடிக்கிறார். பள்ளம் இருக்கிறதா என்று பார்க்க அவர் செய்ததை மட்டும் நான் அதுவரை பார்த்ததில்லை. தேய்த்த இடத்தில் தண்ணீரை வழியவிட்டு, வெயில் சாய்ந்து விழும் கோணத்தில் தலையைத் தாழ்த்திப் பார்த்தார். காய்ந்திருந்தபோது சமமாகத் தெரிந்த இடத்தில் ஒரு குழி மின்னியது. மறுபடி பட்டி.

வீட்டுக்கு வந்து ஜீப்பின் பின் ஸ்பிரிங்கை உப்புத்தாளில் அரை மில்லிமீட்டர் தேய்த்து இறக்கினேன். நிஜ வண்டியில் அது ஒன்றே முக்கால் சென்டிமீட்டர். வண்டிக்குப் பாரம் வந்துவிட்டது. இந்த வில்லிஸுக்கு ஸ்டீயரிங் இடப்பக்கம். ஆகவே உரிந்த விளிம்பும் இடப்பக்கம். வாங்கி வைத்த துருப் புட்டியில் பெரும்பகுதி மிச்சம்.

பட்டறையில் ஜீப் வேலை குறைந்துவருகிறது. ஊர்களுக்குத் தார்ச்சாலை வரவர, பாரம் பிக்கப் வண்டிகளுக்குப் போய்விட்டது. தொழில் கற்ற பையன்கள் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்கு இறங்கிவிடுகிறார்கள் என்றார் மெக்கானிக். கைவினைக் கண்காட்சிகளில் பொம்மைக்கும் பாய்க்கும் இடம் உண்டு. தகரத்தைத் தட்டி உருவம் கொண்டுவருகிறவரைக் கைவினைஞர் என்று யாரும் அழைப்பதில்லை. அழைக்க வேண்டும்.

மாடல் கட்டுகிறவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கடையில் கிடைக்கும் பெட்டிகளில் பெரும்பாலும் ஜெர்மன், அமெரிக்க, ரஷ்ய வண்டிகள்தான். ஜபல்பூரில் 1969 முதல் 1999 வரை செய்யப்பட்ட ஜோங்கா ராணுவ வண்டியையும், அங்கேயே அதற்கு முன்பே தொடங்கிய சக்திமான் லாரியையும் வேண்டுமென்றால் பிளாஸ்டிக் தகட்டை வெட்டி நாமேதான் செய்ய வேண்டும். அதற்கு அளவு வேண்டும். ராணுவம் ஏலம் விட்ட இவ்வகை வண்டிகள் பட்டறைகளின் பின்புறத்தில் எடைக்குப் போகக் காத்திருக்கின்றன. பழைய பொழுதுபோக்குக்குத் திரும்புகிறவர்கள் அடுத்த புட்டியை வாங்குமுன், ஓர் அளவு நாடாவும் நோட்டும் எடுத்துக்கொண்டு பக்கத்துப் பட்டறைக்குப் போய்வாருங்கள். வண்டியை மட்டும் அளந்துவிட்டுத் திரும்பாமல், அதைப் பழுது பார்த்தவரிடமும் பேசிவிட்டு வாருங்கள்.