கட்டத்துக்குள் அடங்காத மேகம்

ஆராய்ச்சிக்கென்று எழுதப்பட்ட சிமுலேஷனை மேல்நிலை வகுப்புக்குள் கொண்டுவந்தால், அதன் குறைகளை மறைக்காமல் கொண்டுவர வேண்டும். பாடமே அந்தக் குறைகளில்தான் இருக்கிறது. எட்ஜிசிஎம் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். நாசாவின் கோடார்டு விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் பருவநிலை மாடலை, மாணவர்களே மேசைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும்படி கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அமைத்தார்கள். 1988இல் ஜேம்ஸ் ஹான்சன் குழுவினர் புவி வெப்பமாதலைக் கணித்ததும் இதே மாடலைக் கொண்டுதான். இது பூமியை 8 டிகிரி அட்சரேகை, 10 டிகிரி தீர்க்கரேகை கொண்ட கட்டங்களாகப் பிரிக்கிறது. நிலநடுக்கோட்டருகே ஒரு கட்டம் தமிழ்நாட்டைப் போல ஏழு மடங்குக்கும் மேல் பெரியது. அத்தனை பரப்புக்கும் சராசரியாக ஒரே மழையளவுதான். இடிமேகமோ சில கிலோமீட்டர் அகலம். அதனால் மாடல் மேகத்தை நேரடியாகக் கணக்கிடுவதில்லை. ஈரப்பதத்தையும் வெப்பநிலையையும் வைத்துச் சூத்திரத்தால் மதிப்பிடுகிறது. கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பானால் வெப்பம் சுமார் 4.2 டிகிரி உயரும் என்றது 1988இன் மாடல். பருவநிலை மாற்றத்துக்கான ஐநாவின் அரசுகளிடைக் குழுவான ஐபிசிசி 2021இல் தந்த சிறந்த மதிப்பீடு 3 டிகிரி. பூமி சூடாகும் என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. எவ்வளவு என்பதில்தான் பிரிகின்றன. இத்தகைய வேறுபாடுகளுக்கு மேகம் ஒரு முக்கியக் காரணம் என்பதைக் கட்டத்தின் அளவை அறிந்த மாணவர் தாமே ஊகித்துவிடுவார்.

உள்ளே நடப்பது தெரியாமல் பொத்தானை அழுத்துவது அறிவியலா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சமன்பாடுகள் எல்லாவற்றையும் பள்ளியில் விளக்க முடியாதுதான். ஆனால் முதலில் எதையும் மாற்றாமல் ஒருமுறை ஓட்டி, பிறகு ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டி, இரண்டையும் ஒப்பிடச் சொல்லலாம். எதையும் மாற்றாத ஓட்டத்திலேயே வெப்பநிலை ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும். ஓர் ஆண்டின் வெப்பத்தை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பதை அந்த வரைபடம் கண்முன் காட்டிவிடும். செய்முறை வகுப்பின் இடத்தைத் திரை பிடித்துக்கொள்ளும் என்பது இன்னொரு கவலை. தனி ஊசலைத் திரையில் ஆட்டக் கூடாது, கையால்தான் ஆட்ட வேண்டும். இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கார்பன் டை ஆக்சைடைக் கூட்டிப் பார்க்க இன்னொரு பூமி ஆய்வகத்தில் கிடையாது. ஓட்டம் முடிய மணிக்கணக்கில் ஆகும் என்பது பெரிய தடையல்ல, இரவில் ஓடவிடலாம். கூடுதல் நேரம் வேண்டியது அறிக்கை எழுதுவதற்குத்தான். எந்த முடிவை நம்பலாம், எதை நம்பக் கூடாது, ஏன் என்று மாணவர் அதில் எழுத வேண்டும். ஒரு கட்டத்தின் மழையளவைக் காட்டி ஒரே ஊருக்கு மழை சொல்லும் அறிக்கைக்கு, வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும், முழு மதிப்பெண் தரக் கூடாது.