கவருக்குள் ஒரு சாவி

வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் தங்கள் இணைய முகவரியை ‘.பேங்க்.இன்’ என்று மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருந்தது. போலி வங்கித் தளங்களின் தொல்லை அப்படி. செய்தியைப் படித்துவிட்டு, ஐ.டி. ஆலோசனை நிறுவனம் ஒன்றில் இருக்கும் நண்பனிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். “திண்டுக்கல்லுல ஒரு கூட்டுறவு வங்கிக்கு இந்த வெள்ளிக்கிழமை மாத்துறோம். அதோட மெயில், ஃபைல் எல்லாத்தையும் மைக்ரோசாப்ட் கிளவுடுக்கு ஏத்துறோம். வர்றியா மாப்ள?” என்றான். மறுநாள் இரண்டாம் சனி, வங்கி விடுமுறை. தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது.

பெரிய கம்ப்யூட்டர் அறையை எதிர்பார்த்துப் போனேன். மாடியில் பழைய லெட்ஜர்கள் அடுக்கிய அறை, இரண்டு லேப்டாப், அவ்வளவுதான். ஒன்றின் முன்னால் இருபத்தாறு வயதுப் பெண். வேடசந்தூர்ப் பக்கம். அப்பா நூற்பாலையில் ஷிப்டு பார்த்தவர். ராத்திரி வேலை எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை என்றாள். நண்பன் மேலாளரோடு டீ குடிக்கப் போய்விட்டான். வேலை மொத்தமும் இவள் தலையில்தான் என்று பத்தே நிமிடத்தில் தெரிந்துபோயிற்று.

மூன்று வாரமாக அவள் செய்தது கணக்கெடுப்பு. யாருக்கு எந்த மெயில், எந்த ஃபைல் எந்தக் கம்ப்யூட்டரில். பாதிப் பேர் வங்கி விஷயத்தைச் சொந்த ஜிமெயிலில் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள். “கேட்டா யாரும் சொல்ல மாட்டாங்கண்ணா. பிரிண்டர்கிட்ட கிடக்கிற பேப்பரைப் பார்த்தாத் தெரிஞ்சிரும், தலைப்புல யார் ஐடின்னு.” எட்டு மணிக்கு மேல் முகவரிப் பதிவுகளை மாற்றினாள். டிமார்க் என்று ஏதோ சொன்னாள். எனக்குப் பிடிபடவில்லை, விட்டுவிடுகிறேன்.

பிடிபட்டது இது. வெளியே போகும் மெயிலில் ஆதார் எண் இருந்தால் தடுத்து நிறுத்த ஒரு விதி வைத்திருந்தாள். சோதித்தபோது, தணிக்கையாளருக்குப் போக வேண்டிய நகைக்கடன் பட்டியல் நின்றுவிட்டது. அதில் ஆதாரே கிடையாது. தாளில் எழுதிக் காட்டினாள்: ஆதார் 12 இலக்கம், சைபரிலோ ஒன்றிலோ தொடங்காது, கடைசி இலக்கம் மற்ற பதினொன்றை வைத்துக் கணக்குப் போட்டு வருவது. இங்கே கடன் கணக்கு எண்ணும் 12 இலக்கம். பத்தில் ஒன்று தற்செயலாக அந்தக் கணக்கில் சிக்கிக்கொள்கிறது. பக்கத்தில் ‘ஆதார்’ என்ற சொல் இருந்தால் மட்டும் தடு என்று விதியைத் திருத்தினாள். “ஆதார், அதார், யுஐடி... நகைக்கடன் செக்‌ஷன்ல எப்படியெல்லாம் எழுதுவாங்கன்னு பார்த்து வச்சிருக்கேன்.” தொழில் என்றால் இதுதான்.

மேலாளர் வந்து எட்டிப் பார்த்தார். “ஏம்மா, நம்ம டேட்டா அமெரிக்காவுக்கா போகுது?”

“இல்ல சார், இந்தியாவுக்குள்ளதான். 2015-லேர்ந்து சென்னை, புனே, மும்பையில மைக்ரோசாப்டுக்கு டேட்டா சென்டர் இருக்கு.”

“ஜோகோ மெயில் நம்மாளோடதுதானே? உள்துறை அமைச்சரே ரெண்டு நாள் முன்னாடி அதுக்கு மாறிட்டாராமே?”

“மைக்ரோசாப்ட்ங்கிறது உங்க போர்டு எடுத்த முடிவு சார்.”

மாலையில் வங்கியைப் பூட்டுமுன் நடந்ததை இன்னும் சொல்லவில்லை. கட்டைவிரல் அளவில் இரண்டு யுஎஸ்பி சாவிகள். நிர்வாகிக் கணக்குகள் எல்லாம் முடங்கினால் இதைச் சொருகித்தான் உள்ளே போக முடியும். சைபர் தாக்குதல் தெரியவந்தால் ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குச் சொல்ல வேண்டும், பதிவுகளை 180 நாள் காக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு. அந்த ஆறு மணி நேரத்தில் சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஒன்றைக் கவரில் போட்டு அரக்கு வைத்து ஸ்ட்ராங் ரூமுக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் கதவு மேலாளர் சாவியும் தலைமைக் காசாளர் சாவியும் சேர்ந்தால்தான் திறக்கும். (2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டு வாசல் கேட்டில் தொங்கியது. ஸ்ட்ராங் ரூம் கதவு வெளியூர்ச் சரக்கு.) இருவரும் கவரின் ஒட்டுவாயில் கையெழுத்துப் போட்டார்கள். “நகைப் பையோட வச்சிரலாமா?” என்றார் காசாளர். “வேணாம் சார், நகைப் பை தினம் வெளிய வரும்” என்றாள். இன்னொரு சாவி வேறு கிளைக்குப் போகிறது.

இப்படி யோசிக்கிற பெண்ணின் பெயர் ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை. உரிமம் மொத்த விநியோகஸ்தரிடமிருந்து ஒரு பெரிய ஆலோசனை நிறுவனத்துக்கு; வேலை அங்கிருந்து என் நண்பனின் நிறுவனத்துக்கு; இவளோ ஆள் அனுப்பும் இன்னொரு கம்பெனியின் கணக்கில். சம்பளத்தைச் சொன்னாள், எழுத வேண்டாம் என்றாள். சின்னாளப்பட்டிச் சுங்குடியில் முடிச்சுப் போட்டவளின் கூலிக்கும் கடையில் தொங்கும் சேலையின் விலைக்கும் இருந்த அதே தூரம். இடையில் நிற்கிற ஒவ்வொருவரும் ஒரு கை எடுக்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவரும் போன் எடுப்பதில்லை. ஐ.டி. வேலையை வெளியே கொடுத்தாலும் பொறுப்பு வங்கியுடையதே என்று ரிசர்வ் வங்கி 2023 ஏப்ரலில் விதி போட்டது. நகரக் கூட்டுறவு வங்கிகளில் சின்னவற்றை அதிலிருந்து விலக்கியும் வைத்தது. தவறு செய்தது என்றுதான் நினைக்கிறேன்.

விடிகாலைக் கரூர் பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டோம். அவள் ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது.

நீங்கள் ஏதாவது கூட்டுறவு வங்கியில் உறுப்பினராக இருந்தால், அடுத்த பேரவைக் கூட்டத்தில் எழுந்து இரண்டு கேள்வி கேளுங்கள். அவசரச் சாவி எங்கே என்று கேட்க வேண்டாம். அதைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள், சோதித்தவர் இன்னும் வேலையில் இருக்கிறாரா என்று கேளுங்கள்.