சாட்சியைச் சோதித்தல்

கண்ணால் காணவியலாத ஒன்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டின், சாட்சியை நம்பியே ஆக வேண்டும். புற்றுநோய் ஆய்வுக்கூடங்களில் அத்தகைய சாட்சியாக நிற்பது எதிர்ப்பொருள். அரபியில் 'அல்-அஜ்ஸாமுல் முளாத்தா' என்பர்; எதிர்த்து நிற்கும் உடல்கள் என்பது பொருள்.

நோய்க்கிருமியை அடையாளங்கண்டு பற்றிக்கொள்ள நம் உடல் ஆக்கும் புரதமே அது. ஆய்வாளரோ அதற்கு வேறொரு பணி அளித்தனர்: பல்லாயிரம் புரதங்களிடையே வேண்டிய ஒன்றைச் சுட்டிக்காட்டும் பணி. 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகை எதிர்ப்பொருளை இடையறாது விளைவிக்கும் உயிரணுக்களை உருவாக்கினர். 1984-இல் நோபல் பரிசும் பெற்றனர்.

எம் தமக்கையாரைக் குடல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பின்னரே நாம் இவற்றைத் தேடிப் படிக்கலானோம். அப்போது அறிமுகமானது பி.டி.பி.ஆர்.ஜே. என்னும் புரதம். 1,337 அமினோ அமிலங்கள் கோத்த அச்சங்கிலி, உயிரணுவின் சவ்வை ஊடுருவி, ஒரு முனை வெளியிலும் மறுமுனை உள்ளிலுமாக நிற்கிறது. 'வளர்க' என்னும் ஆணை, புரதங்களின்மீது பாஸ்பேட்டை ஏற்றுவதால் உயிரணுவுக்குள் பரவுகிறது; இப்புரதமோ அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றி ஆணையை அடக்குகிறது. உயிரணுக்கள் நெருங்கும்போது இதன் அளவு மிகுவதை 1994-இல் கண்டனர். அண்டை வீடு நெருங்கினால் குரலைத் தாழ்த்தும் பண்பு போலும் இது! பெருங்குடல், நுரையீரல், மார்பகப் புற்றுக்கட்டிகள் பலவற்றில் இதன் மரபணுப் படிகளுள் ஒன்று இழக்கப்பட்டிருப்பதை 2002-இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

ஒரு கட்டியில் இப்புரதம் உண்டா, இல்லையா? விடை கூறுவது எதிர்ப்பொருளே. ஆனால் அது உருவொத்த வேறு புரதத்தையும் பற்றக்கூடும். எடையைக் கொண்டு ஆளை அறியலாமெனின், இப்புரதம் சர்க்கரைக் கிளைகளைப் போர்த்துக்கொண்டு, எடை மிகுந்தே தோன்றும். ஆகவே இதன் மரபணுவை அறவே நீக்கிய உயிரணுக்களில் எதிர்ப்பொருளைச் சோதிப்பர். அங்கும் அடையாளம் தோன்றின், அது ஆளை மாற்றிச் சொல்லும் சாட்சி என்பது வெளிப்படும்.

பிழையான எதிர்ப்பொருள்களால் காலமும் பொருளும் வீணாவது கண்டு, 2015-இல் நூற்றுக்கு மேற்பட்ட அறிவியலாளர் 'நேச்சர்' இதழில் கூடிக் குரல் எழுப்பினர். அமைப்பு வரிசை தெளிவாக அறியப்பட்ட எதிர்ப்பொருள்களையே கையாள வேண்டுமென்பது அவர்தம் கோரிக்கை.

அரபு எழுத்தில் ஒரு புள்ளி இடம் மாறினால் சொல்லே மாறிவிடும். அதனால் ஏட்டின் படிகளை ஒன்றோடொன்று ஒப்பிடாமல் பாடஞ்சொல்ல நாம் துணிவதில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று ஆய்வுக்கூடங்களுக்குச் செல்கின்றனர். புட்டியின் மேல் ஒட்டிய பெயரை மட்டும் நம்பி அவர்கள் முடிவெழுதலாகாது. அம்முடிவை நம்பி மருந்து தேடுவோர் உளர்; அம்மருந்துக்காகப் படுக்கையில் காத்திருப்போரும் உளர்.