கொல்லன் மகன் நடந்த ஊர்கள்... கேம் ரசிகர்களை இழுக்கும் செக் கிராமங்கள்!

செக் குடியரசின் தலைநகர் பிராக்கிலிருந்து தென்கிழக்கே சுமார் 50 கிலோமீட்டர் போனால், சாசவா ஆற்றங்கரையில் அதே பெயரில் ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள பழைய மடாலயத்தில் கல் தூண்களும் கூர்முனை வளைவுகளும் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. மேலே கூரை இல்லை. 14-ம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய தேவாலயம் இது. 1419-ல் மூண்ட ஹுஸ்ஸைட் போர்களால் வேலை நின்றுபோனது. அதன் பிறகு முடிக்கப்படவே இல்லை.

சுற்றுலா வருபவர்களுக்கு இது இன்னொரு பழைய கட்டடம். 'கிங்டம் கம்: டெலிவரன்ஸ்' ஆடியவர்களுக்கு அப்படியல்ல. சாரம் கட்டி, கல் ஏற்றி இங்கே வேலை நடந்ததை அவர்கள் 'நேரில்' பார்த்திருக்கிறார்கள்!

பிராக்கைச் சேர்ந்த வார்ஹார்ஸ் ஸ்டூடியோஸ் 2018-ல் வெளியிட்ட கம்ப்யூட்டர் கேம் இது. கதை நடப்பது 1403-ல். பொஹிமியாவின் மன்னர் வென்செஸ்லாஸைச் சிறைப்பிடித்துவிட்டு, நாட்டைச் சூறையாடுகிறது அவரது தம்பி சிகிஸ்மண்டின் படை.

படிக்கத் தெரியாத நாயகன்

டிராகன் இல்லை, மாயமந்திரம் இல்லை. நாயகன் ஹென்றி, ஸ்கலிட்ஸ் என்ற சுரங்க ஊரில் வாழும் கொல்லனின் மகன். சிகிஸ்மண்டின் படை ஊரை எரிக்கிறது. கண் முன்னால் பெற்றோர் கொல்லப்படுகிறார்கள். தப்பித்த ஹென்றி, ரட்டாயே என்ற கோட்டை ஊருக்கு அகதியாக வந்து சேர்கிறான்.

அவனுக்கு வாள் வீசத் தெரியாது. எழுதப் படிக்கவும் தெரியாது. புத்தகத்தைத் திறந்தால் திரையில் எழுத்துகள் தாறுமாறாகக் கலைந்து கிடக்கும். பக்கத்து ஊர் எழுத்தரிடம் பாடம் கேட்கக் கேட்க, அவை ஒவ்வொன்றாக இடத்தில் வந்து உட்காரும். படிக்கக் கற்றுக்கொள்வது ஹென்றி மட்டுமல்ல, ஆடுபவரும்தான்.

கதை சொல்லும் ரோல்-பிளேயிங் கேம்களின் ஈர்ப்பே இதில்தான் இருக்கிறது. சினிமாவில் நாயகன் முடிவெடுப்பதைப் பார்க்கிறோம். இங்கே முடிவும் நம்முடையது, அதன் விளைவும் நம்முடையது. கதையின் ஒரு கட்டத்தில் இதே சாசவா மடாலயத்துக்குள் ஹென்றி துறவி வேடத்தில் நுழைகிறான். அங்கே ஒளிந்திருக்கும் ஒருவனைக் கொல்ல வேண்டும் என்பது அவனுக்கு இடப்பட்ட வேலை. கொல்வதா, தப்பவிடுவதா? பட்டனை அழுத்த வேண்டியவர் நாம்தான்.

நிஜ ஊர்கள், நெருக்கிய வரைபடம்

ரட்டாயே, ஸ்கலிட்ஸ், சாசவா எல்லாமே இன்றும் உள்ள ஊர்கள். கேமில் 16 சதுர கிலோமீட்டருக்குள் நெருக்கி வைத்திருக்கிறார்கள். நிஜத்தில் ஊர்களுக்கு இடையிலான தூரம் அதிகம். 2025-ல் வந்த இரண்டாம் பாகம், வெள்ளிச் சுரங்கங்களால் செழித்த குட்னா ஹோராவுக்கு அழைத்துப் போகிறது. 1995-ல் யுனெஸ்கோ பாரம்பர்யப் பட்டியலில் இடம்பெற்ற நகரம் அது. ரத்தமும் வன்முறையும் உண்டு என்பதால் இந்த கேம் பெரியவர்களுக்கு மட்டுமே என்பதைப் பெற்றோர் கவனிக்கவும்!

ஸ்கலிட்ஸின் இன்றைய பெயர் ஸ்த்ரீப்ர்னா ஸ்கலிட்சே. 'ஸ்த்ரீப்ர்னா' என்றால் 'வெள்ளி' என்று பொருள். கேமில், பெற்றோரின் உடல்களை அடக்கம் செய்ய ஹென்றி எரிந்த ஊருக்குத் தனியாகத் திரும்புவான். ஒரு லிண்டன் மரத்தடியில் குழி தோண்டுவான். அங்கேயே அடிபட்டு, அப்பா கடைசியாகச் செய்த வாளையும் பறிகொடுப்பான்.

நிஜ ஸ்கலிட்சேவில் அந்தச் சமாதியைத் தேடினால் கிடைக்காது. ஹென்றி கற்பனைப் பாத்திரம். ஆனால், மண்வெட்டி பிடித்த அந்தச் சில நிமிடங்களை மறக்காதவர், அந்த ஊருக்குப் போனால் ஒரு லிண்டன் மரத்தையாவது தேடாமல் திரும்ப மாட்டார்.