ஆலங்காட்டில் இரு பாஷைகள்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் ரயில் பாதையில், மணவூருக்கு அடுத்தபடியாக வரும் சிறு ஸ்டேஷன் திருவாலங்காடு. பெரிய மெயில் வண்டிகள் இவ்வூரை ஏறிட்டும் பாராமல் ஓடிவிடுகின்றன. ஆனால் நடராஜப் பெருமானோ இவ்வூரை அவ்வாறு அலட்சியம் செய்யவில்லை. அவருடைய ஐந்து சபைகளில் ஒன்றான இரத்தின சபை இங்கேதான் இருக்கிறது. காளியோடு போட்டியிட்டு, ஒரு காலை வானளாவத் தூக்கி அவர் ஊர்த்துவ தாண்டவம் ஆடிய தலம் இது. அந்தத் திருவடியின் கீழிருந்து பாடும் பேறு காரைக்கால் அம்மையாருக்குக் கிடைத்தது. அம்மையார் தலையால் நடந்த பூமியைக் காலால் மிதிப்பதா என்று திருஞானசம்பந்தர் தயங்கி நின்றதாகச் சேக்கிழார் கூறுகிறார்.

இவ்வளவு தூய தமிழ் மண்ணிலே நின்றுகொண்டு சற்றுக் காது கொடுத்துக் கேட்டால், அடுத்தபடியாக விழும் ஒலி சுந்தரத் தெலுங்கு! அதிலும் ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி மலைக்குப் போய்ப் பாருங்கள். ‘அரோகரா’ என்ற ஒரே கோஷத்தின் கீழ் இரண்டு பாஷைகளும் காவடி தூக்கி வருகின்றன. கடை வீதியில் தெலுங்குக்காரர் ஒருவர் “எந்த?” என்று கேட்டால், எந்தப் பொருள் என்று கேட்கிறாராக்கும் என எண்ணிப் புதிதாக வந்த தமிழர் விழிப்பார். பூக்காரியோ விழிப்பதில்லை. தெலுங்கில் அதற்கு ‘எவ்வளவு’ என்று பொருள் என்பது அவளுக்குத் தெரியும். உடனே விலையைச் சொல்லிவிடுவாள். நம் புலவர்கள் ஏட்டிலே பத்திரப்படுத்தி வைத்திருக்கும் ‘செப்பு’ என்ற சொல்லும், ‘இல்’ என்ற சொல்லும், தெலுங்கு வீடுகளில் ‘செப்பு’ என்றும் ‘இல்லு’ என்றும் அன்றாடம் புழங்குகின்றன. அக்காள் தங்கையின் பேச்சில் ஒரே தாயின் சாயல் தெரிவதில் என்ன அதிசயம்?

இரு பாஷைகள் சேர்ந்து வாழ்வது இவ்வூருக்குப் புதிதல்ல. முதலாம் இராஜேந்திர சோழன் தனது ஆறாம் ஆட்சியாண்டில் பக்கத்துப் பழையனூரை இக்கோயிலுக்குத் தானம் செய்தான். அதைக் கூறும் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 31 தகடுகள் கொண்டவை. சோழ வம்சத்தின் புகழை வடமொழி பாடுகிறது. தானத்தின் விவரங்களையும் எல்லைகளையும் தமிழ் கூறுகிறது. ஒரே வளையத்தில் இரண்டு பாஷைகள்! பெண் யானையை நடத்தி ஊரின் எல்லையைக் குறித்த காலம் அது.

இருபதாம் நூற்றாண்டில் எல்லை குறிக்க யானை வரவில்லை. ஜனக் கணக்குத்தான் வந்தது. 1911-ல் வட ஆற்காட்டிலிருந்து பிரித்துச் சித்தூர் ஜில்லாவை அமைத்தபோது, திருத்தணிப் பகுதி அதில் சேர்ந்தது. 1953 அக்டோபர் 1-ந் தேதி ஆந்திர ராஜ்யம் பிறந்ததும் சித்தூரோடு திருத்தணியும் அங்கே போயிற்று. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தில் தமிழர் பலர் சிறை புகுந்தனர். பின்னர் படாஸ்கர் மத்தியஸ்தம் செய்தார். கிராமத்தை அலகாகக் கொண்டு, பெரும்பான்மையோரின் பாஷையையும் நிலத் தொடர்ச்சியையும் கவனித்துக் கோடு கிழித்தார்கள். 1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணித் தாலுகாவின் பெரும்பகுதி நம்மிடம் திரும்பியது. அதற்கு ஈடாகப் பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களின் கிராமங்கள் சில ஆந்திரத்துக்குச் சென்றன.

கோடு நிலத்தைத்தான் பிரிக்கும், குடும்பத்தைப் பிரிக்குமா? பள்ளிப்பட்டுப் பக்கத்தில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் இன்றும் ஏராளம். நகரி, புத்தூர், சித்தூர்ப் பக்கத்தில் தமிழ் பேசும் குடும்பங்களும் அவ்வாறே. இக்குடும்பங்களின் பிள்ளைகளில் பலர் தாயிடம் ஒரு பாஷை பேசுகிறார்கள். பள்ளியில் வேறொரு பாஷை படிக்கிறார்கள். தாய்மொழியைப் பேசத் தெரிந்தும் அதன் எழுத்தறியாத தலைமுறை ஒன்று சந்தடியில்லாமல் வளர்ந்து வருகிறது. உபாத்தியாயர் தொழிலில் இருபது வருஷம் கழித்தவனுக்கு இதைக் காணாதது போல் இருக்க முடிவதில்லை.

பின்லாந்து தேசத்தில் சுவீடிஷ் பேசுவோர் நூற்றுக்கு ஐந்து பேர்தான். ஆயினும் ஓர் ஊரில் சிறுபான்மைப் பாஷைக்காரர் நூற்றுக்கு எட்டுப் பேரோ, மூவாயிரம் பேரோ இருந்தால் அவ்வூர் இருமொழி ஊர் என்று அங்கே சட்டம் சொல்கிறது. இரண்டாயிரம் பேர்கூட இல்லாத மிர்ஸ்கிலா என்ற நாட்டுப்புற ஊருக்கு, மோர்ஸ்கொம் என்று சுவீடிஷ் பெயரும் உண்டு. பெயர்ப் பலகையில் இரண்டும் நிற்கின்றன. இதனால் பெரும்பான்மைப் பாஷை தேய்ந்துவிடவில்லை.

நம் அரசியல் சட்டத்திலும் 350-ஏ என்ற ஷரத்து உண்டு. சிறுபான்மையோரின் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்யுமாறு அது கூறுகிறது. இந்த மண்ணில் தமிழ் படிப்பது அவசியம். அதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. தமிழோடு தாய்மொழியின் எழுத்தையும் குழந்தை கற்றால் நமக்கு நஷ்டம் என்ன? திருத்தணியில் 1888-ல் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்த குழந்தைதான் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். அவர் பிறந்த நாளைத்தான் பாரதம் முழுவதும் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

பழையனூரில் வேளாளர் எழுபது பேர், நீலியின் சூழ்ச்சியால் மாண்ட வணிகனுக்குத் தந்த வாக்குக்காகத் தீப்பாய்ந்தார்கள் என்பது வரலாறாய் வழங்கும் கதை. நம்மை யாரும் தீப்பாயச் சொல்லவில்லை. எழுதிக்கொடுத்த வாக்கு ஒன்று இருக்கிறது. அதைக் காக்க எல்லைக் கிராமத்துப் பள்ளியில் இன்னும் ஒரு கரும்பலகையும் ஓர் ஆசிரியரும் போதும். அக்கரையிலுள்ள தமிழ்க் குழந்தைக்கு நாம் எதைக் கேட்கிறோமோ, அதை இக்கரையிலுள்ள தெலுங்குக் குழந்தைக்கு முதலில் கொடுப்போம்.